ஜெராக்ஸில் வராத அக்கரை

நான் சமையல் வேலை பார்க்கும் மாதா கோயில் சாமியார் பங்களாவில், சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு பென்சில் படம் இருந்தது. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் இங்கே இருந்த ஒரு வெள்ளைக்காரச் சாமியார் கொள்ளிடக் கரையில் உட்கார்ந்து வரைந்ததாம். முன்னால் காற்றுக்குச் சாய்ந்த மருதமரம், கருகருவென்று. பின்னால் ஆறு. அதற்கும் அப்பால், தலைமுடி விழுந்த மாதிரி ஒரே ஒரு கோடு. அதுதான் அக்கரை.

மரம் எனக்கு எதற்கு? உலை வைத்துவிட்டு வந்து அந்தக் கோட்டைத்தான் பார்ப்பேன். பார்த்தால் நிம்மதி வராது. எங்காவது கிளம்பிவிடலாமா என்று கால் பரபரக்கும். அதற்காகவே மறுபடியும் பார்ப்பேன்.

சட்டத்தைக் கரையான் அரித்துவிட்டது. படத்தைப் பத்திரமாக வைக்கத் திருச்சிக்கு அனுப்பப் போவதாகச் சாமி சொன்னார். போனால் திரும்பி வராதாம். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவள் நான். அன்றைக்குச் சாம்பார் ஊற்றும்போது கரண்டியைப் பார்த்தபடியே கேட்டுவிட்டேன்.

"சாமி, அந்தப் படம் மாதிரி எனக்கு ஒண்ணு கெடைக்குமாங்க?"

"அதுக்கென்னம்மா, அரியலூர் போயி ஜெராக்ஸ் போட்டுக்குங்க. சாயங்காலம் படத்த எடுத்துட்டுப் போக திருச்சி வண்டி வரதுக்குள்ள கொண்டாந்துடுங்க."

இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து, மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கடைக்காரத் தம்பி போட்டுக் கொடுத்தான். மரம் அப்படியே இருந்தது. ஆறு முடிகிற இடத்தில் வெறும் வெள்ளை.

"அக்கரை வரலியே தம்பி."

"லேசான பென்சிலு மிஷினுக்குத் தெரியாதும்மா." கறுப்பைக் கூட்டி இன்னொன்று போட்டான். தாள் முழுக்கக் கரி. "இந்தாங்க, மழையே வந்துடுச்சு!"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. முதல் தாளோடு, ரப்பர் வைத்த பென்சில் ஒன்றும் வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்தேன்.

அஞ்சாவதோடு பென்சிலை விட்டவள். நான் போட்ட கோடு கயிறு மாதிரி விழுந்தது. அழித்தேன். பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, வூட்டு பிளானா?"

"இல்லீங்க, ஆறு."

"ஆத்துலயா கட்டப்போறீங்க!"

பென்சிலை வால் பக்கம் பிடித்து, தாளில் படுகிறதோ இல்லையோ என்று இழுத்தேன். எனக்கே தெரியவில்லை. சாய்த்துப் பார்த்தபோது மினுங்கியது.

"திருமானூர், திருமழபாடி!" எங்கள் ஊர் பஸ் கண்டக்டர் கத்தினார். பாதி அக்கரைதான் ஆகியிருந்தது. அடுத்த பஸ், திருச்சி வண்டிக்கு முந்துமோ என்னவோ.

"ஏறலியாக்கா?"

"நீங்க போங்க" என்றேன். கை நிற்கவில்லை.