மங்கா தாயி ஒதுங்கி நின்ற படம்

மங்கையர்க்கரசி என்ற பெயரைப் புனேயில் முழுதாகச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவருடைய அப்பா. குடியாத்தத்திலிருந்து வந்து கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடிக்கும் வேலை பார்த்தவர். இன்னொருவர் கோர்ட்டில் பெயர் கூப்பிடும் சிப்பந்தி. அவரும் மூன்று முறை தடுமாறித்தான் சொல்லி முடித்தார். மற்ற எல்லாருக்கும் அவர் மங்கா தாயி. தாயி என்றால் மராத்தியில் அக்கா. நான் அக்கா என்றே கூப்பிட்டேன்.

பத்தொன்பது வயதில் கல்யாணமாகி, புனேயின் கன்டோன்மென்ட் பகுதியான கேம்ப்புக்கு வந்தார். தேவாலயத்துக்குப் பின்னால் போகும் சந்தில், கீழே கடைகளும் மேலே ஆறு அறைகளும் உள்ள ஒரு கல் கட்டடம். மாடியில் மரக் கைப்பிடி வைத்த நீண்ட நடை, அதை ஒட்டி வரிசையாகக் கதவுகள். நாலாவது அறை. மாமனார் காலத்து வாடகை வீடு. புருஷன் லாரிகளுக்கும் டெம்போக்களுக்கும் பெயின்ட் அடிப்பவர். குழந்தை இல்லை. 2009-ல் அவர் நுரையீரல் கெட்டுச் செத்த பிறகு வாடகை ரசீது அக்காவின் பெயருக்கு மாறியது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தார். பிறகு நர்சிங் பியூரோ ஒன்று அவரை வீட்டு டியூட்டிக்கு அனுப்பத் தொடங்கியது. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை அவர்கள் வீட்டிலேயே இரவும் பகலும் தங்கிப் பார்த்துக்கொள்ளும் வேலை. கோந்த்வாவில் ஒரு வீடு, அது முடிந்தால் இன்னொரு வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை வந்து துணி துவைத்து, டிரம்மில் தண்ணீர் பிடித்து வைத்து, சமைத்துச் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டுத் திங்கள் விடியலில் மறுபடி பையைத் தூக்கிக்கொண்டு போவார். வாரத்தில் ஒரு நாள் வாழ்ந்த வீடு என்றாலும் அவருக்கு இருந்தது அது ஒன்றுதான்.

எனக்கும் வீடு புனேயில்தான், அப்பா அம்மாவோடு. ஆனால் ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றியவள். கட்டடங்களையும் தெருக்களையும் படமெடுப்பேன். கேட்காமல் எடுக்கக் கூடாது என்பதை ஓர் ஊர்ச் சந்தையில் வசவு வாங்கித்தான் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு எனக்கு ஒரு முறை இருந்தது. கேட்பேன். மாட்டேன் என்றால் போய்விடுவேன். கேட்பதற்கு முன்னால் கை தவறி ஏதாவது எடுத்திருந்தால் அவர்கள் கண் முன்னாலேயே அழிப்பேன்.

2022 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்திலிருந்து அந்த மாடியைப் பார்த்ததும் கை தானாக ஒரு படம் எடுத்துவிட்டது. நடையில் ஒரு பெண் ஈரப் போர்வையைப் பிழிந்து கைப்பிடியில் விரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நீல டிரம், பெயின்ட் டின்களில் துளசி, பாதி திறந்த கதவு. பிறகு படி ஏறிப் போய் இந்தியில் அனுமதி கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துத் தமிழில் பதில் சொன்னார்.

"தமிழா நீ? மூஞ்சப் பாத்தாலே தெரியுதே. எந்த ஆபீஸ்லேர்ந்து வர்றே?"

"ஆபீஸ் இல்லக்கா. எனக்காகத்தான். இந்த மாதிரி பழைய கட்டடமா எடுத்துட்டிருக்கேன்."

"கீழேர்ந்து ஒண்ணு எடுத்தியே. பாத்துக்கினுதான் இருந்தேன்."

காமிராவில் காட்டினேன். எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"நைட்டியோட நிக்குறேன். கண்றாவி. தொடச்சுடு அத."

அழித்தேன். அழிந்ததையும் காட்டினேன்.

"இப்ப எடுத்துக்கட்டுமாக்கா?"

"இரு இரு. ரெண்டு நிமிஷம்."

சரசரவென்று வேலை நடந்தது. போர்வை உள்ளே போனது. டிரம்மைச் சாய்த்து உருட்டி உள்ளே கொண்டு போனார். துளசி டின்கள், செருப்பு, துடைப்பம் எல்லாம் போயின. பக்கத்து அறையிலிருந்து சுப்பையா என்ற பெரியவரும் வெளியே வந்து காமிராவைப் பார்த்துவிட்டுத் தன் செருப்பு ஸ்டாண்டை உள்ளே இழுத்துக்கொண்டார். அந்த மாடியில் முப்பது வருடப் பழக்கம் அது. நடையில் சாமான் வைத்தால் கன்டோன்மென்ட் இன்ஸ்பெக்டர் வந்து படமெடுத்து அபராதம் போடுவார். அதனால் காமிரா தெரிந்தால் நடை காலியாகிவிடும். நான் அதை எனக்குச் செய்யும் உபசாரம் என்று நினைத்தேன்.

கடைசியாக அக்கா தன் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் தளர்ந்துபோய், பூட்டைக் கோர்த்தால்தான் நிற்கும். பூட்டைக் கோர்த்து அமுக்கிவிட்டுப் படிக்கட்டு மூலையில் போய் ஒதுங்கி நின்றார்.

"உள்ள அலங்கோலமா கெடக்குது. நீ வெளிய மட்டும் எடு. நா வர்ல."

வெளிச்சம் இடப் பக்கத்திலிருந்து சாய்வாக விழுந்தது. பதினோரு படங்கள் எடுத்தேன். காலி நடை, கல் சுவர், பூட்டிய கதவு. எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது.

"எதுல போடுவே?"

"இன்ஸ்டாகிராம்லக்கா."

"போடு போடு. இத யாரு பாக்கப் போறாங்க."

படத்தை அனுப்புகிறேன் என்று சொல்லி அவர் போனில் என் நம்பரைப் பதிந்து கொடுத்துவிட்டு வந்தேன். அனுப்பவில்லை.

மறுநாள் அதில் ஒன்றைப் போட்டேன். எந்தச் சந்து, எந்தக் கட்டடம் என்று எழுதி, கீழே இரண்டு வரி: 'இங்கே இப்போது யாரும் இல்லை. கதவு மட்டும் காத்திருக்கிறது.' நன்றாக இருக்கிறது என்று பலர் சொன்னார்கள். ஏப்ரலில் மறுபடி ஊரை விட்டுக் கிளம்பினேன். ஆகஸ்டில் ஜார்ஜியாவில் ஒரு விடுதியில் மழைக்கு அடைபட்டுக் கிடந்தேன். போடுவதற்குப் புதிதாக எதுவும் இல்லாததால் அதே நாளில் எடுத்த இன்னொரு படத்தைத் தேடி எடுத்துப் போட்டேன். 'அதே கதவு. இன்னும் பூட்டியபடி' என்று எழுதினேன். படம் எடுக்கலாமா என்று கேட்டவள், என்ன எழுதலாம் என்று அவரிடம் கேட்கவில்லை.

நவம்பரில் போன் வந்தது.

"வைஷுவா? நா மங்கா. கேம்ப்பு. நீ எடுத்த படத்த எனக்கு அனுப்பவே இல்லியே. கோர்ட்டுக்கு மட்டும் அனுப்பிட்டியாமே."

கட்டடத்தின் பழைய முதலாளி இறந்து, மகன் அதை இடித்துக் கட்ட முடிவு செய்திருந்தார். மற்ற அறைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். அக்கா போடவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து குடியிருக்காத வாடகை வீட்டை உரிமையாளர் திரும்பக் கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. அந்த வழியைப் பிடித்திருந்தார்கள். மின்சார பில்லில் சொற்ப யூனிட், கதவு பூட்டியிருந்ததால் திரும்பிப் போன இரண்டு தபால்கள், ஜனவரியிலும் ஆகஸ்டிலும் என் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் வந்த இரண்டு படங்கள். படங்களைக் கலரில் அச்சடித்து, என் வரிகளோடு வைத்திருந்தார்கள்.

டிசம்பரில் திரும்பி வந்தேன். அக்காவின் வக்கீல் பத்ரிநாத்தின் அலுவலகத்துக்கு இருவரும் போனோம். அவர் என்னைத் திட்டவில்லை. பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக எல்லாவற்றையும் கேட்டார்.

"அன்னிக்கி எடுத்ததுல இவங்க இருக்கற மாதிரி, சாமான் இருக்கற மாதிரி ஒண்ணுகூட இல்லையாம்மா?"

"ஒண்ணு இருந்தது சார். துணி உலர்த்திட்டிருந்தாங்க. அழிச்சுட்டேன்."

"ஏன்?"

நான் பதில் சொல்வதற்குள் அக்கா சொன்னார்.

"நான்தான் சார் தொடைக்கச் சொன்னேன். நைட்டியில இருந்தேன்."

பேனா மூடி நின்றது.

அந்த மெமரி கார்டை இரண்டு கடைகளில் கொடுத்துப் பார்த்தேன். அழித்த படத்தின் மேல் நாலு நாடுகளின் படங்களை எடுத்திருந்தேன். ஒன்றும் மீளவில்லை.

சாட்சிக்கு மிச்சமிருந்தவர் சுப்பையா. கையெழுத்துப் போட்டு, மகளோடு வேறு பக்கம் குடி போயிருந்தார். நாங்கள் போனபோது நாற்காலி போட்டு உட்கார வைத்தார், காபி வந்தது.

"எம்மா, நீ ஞாயித்துக்கெழம தவறாம வந்து பொழங்குனது எனக்குத் தெரியாதா? ஆனா நான் எழுதிக் குடுத்துட்டேன்லா. மீதிப் பணத்த மொதலாளி மவன் இன்னும் தரல. இப்பம் வந்து உனக்குச் சொன்னா தருவானா? நீயே சொல்லு."

"சரி, வேணாம் அண்ணே. காப்பி நல்லாருக்குது" என்றார் அக்கா.

வீட்டில் இருப்பது தெரியும்படி இருங்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அக்கா இரவு டியூட்டியை விட்டார். பகல் டியூட்டி மாதத்தில் பாதி நாள் கூடக் கிடைக்கவில்லை. இரண்டு மழைக்காலம் அப்படிப் போயிற்று. காலியான அறைகளின் ஓடுகளை முதலாளியின் ஆட்கள் இறக்கினார்கள். அந்த அறைகளில் விழுந்த தண்ணீர் சுவர் வழியாக அக்காவின் அறைக்குள் இறங்கியது. படிக்கட்டுக் கைப்பிடியும் ஒரு நாள் காணாமல் போனது. நான் ஊரைவிட்டு எங்கும் போகவில்லை. போகவில்லை என்பதால் அவருக்கு ஒரு உபயோகமும் இல்லை.

2024 செப்டம்பரில் நான் கூண்டில் ஏறினேன். இரண்டு படங்களும் ஒரே நாளில் எடுத்தவை, அன்று அங்கே அவர் குடியிருந்தார் என்று சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை.

"ஆகஸ்டில் 'இன்னும் பூட்டியபடி' என்று எழுதினீர்கள். பொய்யா?"

"தெரியாமல் எழுதியது."

"பொய்யா இல்லையா?"

"பொய்தான்."

"காமிராவில் தேதியை மாற்றி வைக்க முடியுமா?"

"முடியும். நான் மாற்றவில்லை."

"அங்கே எவ்வளவு நேரம் இருந்தீர்கள்?"

"இருபது நிமிடம் இருக்கும்."

"அறைக்குள் போனீர்களா? அடுப்பு, படுக்கை, எதையாவது பார்த்தீர்களா?"

"உள்ளே போகவில்லை."

அவர் உட்கார்ந்துவிட்டார். அன்று படம் எடுத்து முடித்ததும் அக்கா பூட்டைத் திறந்து, உள்ளே வா, டீ குடிச்சுட்டுப் போ என்று கூப்பிட்டிருந்தார். அடுத்த தெருவில் வெளிச்சம் போய்விடும் என்று நான் நிற்கவில்லை. முன்பின் தெரியாதவர் வீட்டுக்குள் நுழைவது மரியாதையாகவும் படவில்லை. கூண்டில் நின்றபோதுதான் அது ஞாபகம் வந்தது.

வெளியே மரத்தடியில் அக்கா டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சப்பாத்தியை எனக்கும் பிய்த்துக் கொடுத்தார்.

"உள்ள போனேன்னு சொல்லியிருக்கலாம்ல."

"சத்தியம் பண்ணிட்டு எப்பிடிக்கா?"

"ஆமா. இன்ஸ்டாகிராம்ல சத்தியம் பண்ணல, பாரு" என்றார். குரலில் கோபம் இல்லை. "சாப்புடு. அஞ்சு மணிக்கு நா வீட்டுக்குப் போகணும்."

2025 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. வீட்டைக் காலி செய்ய வேண்டும். அப்பீல் போகலாம் என்றார் பத்ரிநாத். "போதும் சார். சொவரே ஈரமா நிக்குது, அது எத்தினி நாளைக்கி" என்று அக்கா எழுந்துவிட்டார். சாங்வியில் இருக்கும் தம்பி தங்கராஜ் டெம்போ கொண்டு வந்தார். கட்டிலும் டிரம்மும் அவர் வீட்டு மொட்டை மாடிக்குப் போயின. அக்காவுக்கு அங்கே இடம் இல்லை. இரண்டு அறை, ஐந்து பேர். அவர் மறுபடி இரவும் பகலுமான டியூட்டிக்கே போய்விட்டார், இந்த முறை ஞாயிற்றுக்கிழமை விடுப்பு இல்லாமல். நோயாளிகளின் படுக்கைக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தார். ஒருவர் இறந்தால் பியூரோ அடுத்தவரிடம் அனுப்பும். நடுவில் ஒரு நாளோ நாலு நாளோ ஆகும்.

ஜூலையில் ஒரு நாள் காலையில் கூப்பிட்டார்.

"வைஷு, கோந்த்வா அம்மா போயிட்டாங்க. நேத்தே எடுத்துட்டாங்க. புது டியூட்டி வியாழக்கெழமதானாம். தங்கராஜ் வீட்டுல பொண்ணு பாக்க வர்றாங்க, நா அங்க போனா நல்லாருக்காது. உன்கிட்ட ரெண்டு நாள் இருந்துக்கலாமா? உங்க அப்பா அம்மாவக் கேட்டுட்டுச் சொல்லு. முடியாதுன்னாலும் பரவாயில்ல, சொல்லிடு."

வாங்கக்கா என்றேன்.

மத்தியானம் மணி அடித்தது. இரண்டு பைகளோடு வந்திருந்தார். செருப்பைக் கழற்றி, வழியில் கிடக்கக் கூடாது என்று ஒரு பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார். கதவு அகலத் திறந்திருந்தது. நான் கையைப் பிடிக்கும் வரை அவர் வாசற்படியை மிதிக்கவில்லை.