பூசணிக்காயும் என் அளவு நாடாவும்

எங்கள் தீவு சுதந்திரம் பெறுவதற்கு முந்திய ஆண்டு, காவடித் திருநாளின் ஏழு கறிச் சாப்பாட்டுக்கு ராட்சதப் பூசணிக்காய் ஒன்றைத் தருவதாக வக்குவா ஊர்க் கோவிலில் வாக்களித்திருந்தேன். அடியில் வைக்கோல் பரப்பினேன். மேலே கோணியால் நிழல் கட்டினேன். தினமும் காலையில் காயைச் சற்றே தூக்கி, அடிவழியாகத் தையல் அளவு நாடாவைச் செலுத்தி, சுற்றளவை நாட்குறிப்பில் எழுதினேன்.

திருநாளுக்கு ஒன்பது நாள் முன்பு காம்பில் விரிசல் விட்டு அழுகத் தொடங்கியிருந்தது. ஈரத்துணி சுற்றியும் அழுகல் நிற்கவில்லை.

கரும்புத் தோட்டத்தில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு முத்தாயி அக்கா எட்டிப் பார்த்தார். "தினம் தூக்கித் தூக்கி அளந்தா காம்பு தாங்குமா, தம்பி? காய் வளர்த்தியா, கணக்கு வளர்த்தியா?"

நாட்குறிப்பைப் புரட்டினேன். என் தவறு தேதிவாரியாக இருந்தது.

திருநாளன்று அக்கா தன் சிறு பூசணிக்காய்கள் நான்கைக் கோவிலுக்குக் கொண்டுவந்தார். யார் கொடுத்தது என்று பூசாரி கேட்டதும், "தம்பி வீட்டுக் காய்" என்றார்.

நான் காய்களைச் சமையல் கூடத்துக்குத் தூக்கிச் சென்றேன். அக்கா சொன்னதை இன்றுவரை திருத்தவில்லை.