டிரங்குப் பெட்டியில் இருந்த டி.சி.

ஆறாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் நான் திருப்பூருக்கு வேலைக்குப் போனேன். வேலை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, சித்தியின் ஒன்பது மாதக் குழந்தையைப் பார்த்துக்கொள்வதுதான். சித்தியும் சித்தப்பாவும் காலையில் பனியன் கம்பெனிக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார்கள். அதுவரை அவிநாசி பக்கத்து லைன் வீட்டில், சிமெண்ட் ஷீட் கூரைக்கடியில், வெந்துகொண்டு நானும் அந்தப் பயலும் கிடப்போம். பனியன் துணியில் கட்டிய தொட்டில், ஆட்டினால் ரப்பர் மாதிரி மேலும் கீழும் போகும். அவன் சிரிப்பான். எனக்கு அழுகை வரும்.

கோவில்பட்டிக்குத் தெற்கே எங்கள் ஊரில் அம்மாவும் தம்பியும் இந்நேரம் என்ன செய்வார்கள் என்பதே நினைப்பாக இருந்தது. தம்பியை நான் கிள்ளாத நாளே கிடையாது. அவனுக்காகக்கூட ஏங்கினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தேகம் வந்தது முன்பக்கம் குடியிருந்த வீட்டுக்காரம்மா மீது. என்னைப் பார்க்கும்போதெல்லாம், "சாப்டீங்ளா கண்ணு? பையன் தூங்கிட்டானுங்ளா?" என்பார். எங்கள் ஊரில் பதினொரு வயதுப் பெண்ணிடம் யாரும் இவ்வளவு மரியாதையாகப் பேசமாட்டார்கள். பேசினால் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். அவர் கொடுத்த மோரை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தேன்.

அடுத்தது சித்தி. எங்கள் வீட்டில் இருந்தது ஒரே போன், அது அப்பாவுடையது. அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கூப்பிடுவாள். சித்தி தன் போனைத் தண்ணீர்க் குழாய்வரை எடுத்துப்போய் அரை மணி நேரம் கிசுகிசுப்பாள். எனக்குக் கிடைப்பது, "சித்தி சொல்றதக் கேட்டு நட தாயி" என்ற ஒரு வாக்கியம். அப்பா அப்படியில்லை. சித்தியின் போனுக்குக் கூப்பிட்டு, எப்போது வருவாய் என்று என்னைக் கொஞ்சுவார். குடித்திருந்தால் கொஞ்சல் கூடும். அப்போதெல்லாம் சித்தி பக்கத்திலேயே நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

மே மாதக் கடைசியில் துப்புக் கிடைத்தது. குழந்தைக்குத் துணி எடுக்கச் சித்தியின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில் என்னுடைய டி.சி. இருந்தது. பள்ளிக்கூட முத்திரை, என் பெயர், பச்சை மையில் தலைமையாசிரியர் கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தன. அன்று சாயங்காலமே சித்தி வீட்டுக்காரம்மாவிடம் பேசியது காதில் விழுந்தது.

"கைமடிக்கு ஊர்லருந்து ஒரு ஆள் வருதுன்னு சூப்பர்வைசர்ட்ட சொல்லிருக்கேங்க்கா. ஒண்ணாந்தேதி சேத்துக்கிடுதேன்னாரு."

"வரட்டுங்க. பக்கத்து ரூமு காலியாத்தான கெடக்குது, தங்கிக்கட்டும்."

கைமடி என்றால் தையல்காரருக்குத் துணியை மடித்து எடுத்துக் கொடுக்கிற வேலை. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் என் பெயரை அடித்தாயிற்று, கம்பெனியில் சொல்லியாயிற்று, அடைத்து வைக்க அறையும் தயார். இனி அம்மாவை எந்தக் காலத்தில் பார்ப்பேன்?

மறுநாள் சித்தி தலை மறைந்ததும் வீட்டுக்காரம்மாவிடம் போய், கூசாமல் போன் கேட்டேன். "ஊட்டுக்குப் பேசோணுமா? இந்தாங்க கண்ணு" என்று எடுத்துக் கொடுத்தார். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் அப்பாவுடையது. டி.சி., கைமடி, காலி அறை என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன்.

"டி.சி.ய யாரு வாங்கிக் குடுத்தா?" என்றார் அப்பா. தெரியாது என்றேன். "சரி, நா வாரேன்" என்று வைத்துவிட்டார்.

அடுத்த நாள் காலையில் அப்பா வாசலில் நின்றார். அவரைப் பார்த்ததும் சித்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள் என்று நினைத்தேன். அப்பா டி.சி.யை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "ரெண்டே நாள் பொறுத்துக் கூட்டீட்டுப் போங்க" என்று வீட்டுக்காரம்மா அவரிடம் கெஞ்சியே கேட்டார். கூட்டுக் களவாணி என்பது உறுதியாயிற்று. பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடமும் கூல்டிரிங்க்ஸும் கிடைத்தன.

கைமடிக்கு வருவதாக இருந்த ஆள் அம்மாதான். அந்தக் காலி அறை அம்மாவும் தம்பியும் நானும் இருப்பதற்கு. டி.சி. அங்கே என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு. அப்பாவுக்குத் தெரியாமல் அதை வாங்கி, நான் கிளம்பும்போது என் பையிலேயே, வத்தலுக்கு அடியில் வைத்து அனுப்பியவள் அம்மா. சொன்னால் அப்பாவிடம் உளறிவிடுவேன் என்று என்னிடம் மறைத்திருக்கிறார்கள். கல்யாணமாகி எனக்கே குழந்தை பிறந்த பிறகுதான் சித்தி இதைச் சொன்னாள்.

அன்று ஊர் வந்து சேர்ந்ததும் வீட்டுக்குள் ஓடி அம்மாவைக் கட்டிக்கொண்டேன். அவள் இடது கன்னம் வீங்கியிருந்தது. பல்வலி என்றாள். மூலையில் இரண்டு பைகள் நிறையப் பாத்திரமும் தம்பியின் துணிகளும் இருந்தன. எனக்குச் சுருக்கென்றது.

"என்னய விட்டுட்டு எங்கம்மா கெளம்புனீங்க?"

"எங்கயும் இல்ல தாயி."

நான் நம்பவில்லை. ஆனாலும் அம்மாவைப் பார்த்துவிட்ட சந்தோஷத்தில் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அவள் பைகளைப் பிரித்துப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள். நான் ஸ்டூலில் ஏறி நின்று வாங்கி, எல்லாவற்றையும் பழைய இடத்திலேயே அடுக்கினேன்.