தம்பியின் இரட்டை இன்ஜின் படகு

எனக்குக் கடல் பிடிக்காது. பினாங்கில் பிறந்து வளர்ந்தவள் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பாலத்தில் கார் ஓட்டிப் போகும்போதுகூட நான் தண்ணீர்ப் பக்கம் பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட என்னைப் பிடித்துத்தான் தம்பி படகு ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொன்னான்.

அவனுக்குக் கணையத்தில் புற்றுநோய். இனி வைத்தியம் வேண்டாம் என்று அவனே முடிவு செய்திருந்தான். கல்யாணம் கட்டாதவன். சம்பாதித்ததையெல்லாம் அந்தப் படகில் போட்டு, ஞாயிறு தவறாமல் மீன் பிடிக்கப் போவான். ஒருநாள் தண்ணீர்மலையில் எங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து காப்பியை ஆற்றிக்கொண்டே, தன் சாம்பலைத் தன் படகில்தான் கொண்டு போய்க் கரைக்க வேண்டும் என்றான். வாடகைப் படகில் ஏற மாட்டானாம். என் மகன் ஓட்டட்டுமே என்றேன்.

"அவன் சாம்பல் சட்டியப் பிடிக்கணும் அக்கா. நீதான் காடி நல்லா ஓட்டுவியே, இதையும் ஓட்டு லா."

சாவதைப் பாசாருக்குக் காய் வாங்கப் போவதுபோல் பேசுகிறானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சரி என்றேன்.

முதல் நாளே தஞ்சோங் தோக்கோங்கில் படகு கட்டும் ஜெட்டியில் மானம் போயிற்று. படகின் பின்னால் இரண்டு இன்ஜின், என் கைக்குப் பக்கத்தில் இரண்டு கியர் கைப்பிடி, ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒன்று. கியர் போடுவதற்கு முன் பின்னால் திரும்பி, தண்ணீருக்குள் சுற்றும் காற்றாடிக்குப் பக்கத்தில் கயிறோ குப்பையோ மிதக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றான். ஜெட்டி ஓரத்தில் மெதுவாகத் திரும்பும்போது ஸ்டீரிங்கைத் தொடவே கூடாதாம். அதை நேராக விட்டுவிட்டு, வலது இன்ஜினை முன்னுக்கும் இடதைப் பின்னுக்கும் போட்டால் படகு நின்ற இடத்திலேயே இடப்பக்கம் திரும்பும். கேட்டபோது எல்லாம் புரிந்தது. இத்தனை வருடம் கார் ஓட்டிய கை சும்மா இருக்குமா? நான் ஸ்டீரிங்கையும் சேர்த்து ஒடித்தேன். படகு என்னைக் கேட்காமலே பக்கவாட்டில் போய்த் தூணில் இடித்தது. பின் இருக்கையில் இருந்த தம்பி ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்தபடி சிரித்தான். சிரித்தால் அவனுக்கு வலிக்கும். வலிக்க வலிக்கச் சிரித்தான். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

வாராவாரம் போனோம். அவன் கால்கள் வீங்கின, குரல் இறங்கியது. நான் ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுக்கப் பழகினேன். ஒரு காலையில் கரையை விட்டு வெகுதூரம் வந்த பிறகு, இடது இன்ஜினை அணைத்துவிட்டு, இப்போது ஒன்றை வைத்தே வீட்டுக்குக் கொண்டு போ என்றான். இது எதற்கு என்று கேட்டேன்.

"ரெண்டு எதுக்கு வாங்குனேன்? ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு கரைக்குக் கொண்டாந்திரும். ஆனா ஒரு பக்கமா இழுக்கும் அக்கா. விடாமப் பிடிக்கணும்."

அந்தப் பாடம் வேண்டாம் என்று சொல்லி, சாவியைத் திருகி இடது இன்ஜினையும் முடுக்கினேன். அவன் வற்புறுத்தவில்லை. அதற்குப் பிறகு அவனால் படகுக்கு வர முடியவில்லை.

தகனம் முடிந்த மறுநாள் காலை, சாம்பல் சட்டியோடு என் மகனும், சடங்கு செய்ய வந்த பண்டாரமும், நானும் அதே படகில் போனோம். வானம் மூட்டமாக இருந்தது. நான் ஒரு தப்பும் செய்யாமல் ஜெட்டியை விட்டு எடுத்தேன், அதைப் பார்க்க அவன் இல்லையே என்று நெஞ்சு எரிந்தது. அவன் மீன் பிடிக்கும் இடத்தில் இரண்டு கியரையும் நியூட்ரலில் வைத்தேன். மகன் பின்பக்கமாகக் குனிந்து சட்டியை இறக்கினான். சட்டியைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணியும் மாலைகளும் கூடவே தண்ணீரில் போயின.

இனி யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது, நேராக வீட்டுக்குப் போக வேண்டும் என்றார் பண்டாரம். திரும்பிப் பார்த்தால் போகிற ஆத்மாவுக்குப் போக மனம் வராது. சுடுகாட்டிலும் இதே வழக்கம்தான், சின்ன வயதிலிருந்து தெரிந்ததுதான். நான் முகத்தை நேராக வைத்துக்கொண்டு, பின்னால் பார்க்காமலே இரண்டு கைப்பிடியையும் முன்னுக்குத் தள்ளினேன். இடது இன்ஜின் முக்கியது, முனகியது, நின்றுவிட்டது.

"அம்மா, பாக்காதீங்க" என்றான் மகன்.

பார்த்தேன். வெள்ளைத் துணி காற்றாடியில் இறுகச் சுற்றியிருந்தது. செவ்வந்தி மிதந்தது. சாம்பல் இன்னும் கரையாமல், எட்டித் தொடுகிற தூரத்தில் படர்ந்து கிடந்தது. இவ்வளவு பக்கத்தில் இருக்கிறவனை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று அழுதேன். பண்டாரம் திரும்பாமல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

துணியை எடுக்க முடியவில்லை. இடது இன்ஜினைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிட்டு, வலதை மட்டும் போட்டேன். படகு இடப்பக்கமாகவே இழுத்தது, சாம்பல் கிடந்த பக்கமாகவே வளைந்து வளைந்து போகப் பார்த்தது. ஸ்டீரிங்கை வலப்பக்கம் ஒடித்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. மகன் மாற்றிப் பிடிக்க வந்தான். நான் விடவில்லை.

ஜெட்டி வந்தது. திருப்புவதற்கு எதிர்ப்பக்கம் தள்ள இன்னொரு இன்ஜின் இல்லை. படகு பக்கவாட்டில் போய் அதே தூணில் இடித்தது. நான் என்னை அறியாமல் பின் இருக்கையைத் திரும்பிப் பார்த்தேன். சிரிக்க அங்கே ஆள் இல்லை.