உம்மா கொடுத்த பால்

ஏறாவூரில் றுமானா முக்காடில்லாமல் முன்னால் நிற்கக்கூடிய ஆண்பிள்ளை நௌஷாட் ஒருவன்தான். அவன் அவளுடைய பால் சகோதரன்; அண்ணன் முறையில் அவள் காக்கா என்று கூப்பிடுபவன். வெள்ளிக்கிழமைகளில் மீன் பையோடு வந்து குசினி வாசலில் குந்துவான். "தங்கச்சி, பிளேன்டீ ஊத்து" என்பான்.

ஒரு காலத்தில் அவனுக்கே அவளைப் பேசியிருந்தார்கள். பந்தலும் போட்டாயிற்று. அந்தக் கிழமைதான் தங்கை அம்னாவைக் கேட்டும் ஒரு நல்ல இடம் வந்தது. மறுநாள் உம்மா, உம்மு குல்தூம், நெஞ்சிலடித்துக்கொண்டு அழுதாள். தொண்ணூறில் அகதி முகாமில் நௌஷாடின் தாய் பஹீமா காய்ச்சலில் கிடந்தபோது அவனுக்கும் தான்தான் பால் கொடுத்தாளாம். ஒருத்தியிடம் பால் குடித்தவன் அவள் மகளைக் கலியாணம் முடிக்க மார்க்கத்தில் ஏலாது. மறுத்துச் சொல்லப் பஹீமா உயிரோடு இல்லை. பந்தலைப் பிரித்தார்கள்.

எங்கள் பக்கம் வீடு கலியாணம் முடிக்கும் பெண்ணுக்குத்தான். மௌத்தாகி மண்ணுக்குப் போன வாப்பா உசனார் கட்டியது ஒரே வீடு. அது அம்னாவுக்குப் போனது. றுமானாவுக்கு மிஞ்சியது அதன் குசினியும் அடுப்பும்.

போன வெள்ளி, பிள்ளை பெற்றுக் கிடந்த அம்னா பால் சுரக்கவில்லை என்று அழுதுகொண்டிருந்தாள். கஞ்சியோடு வந்த றுமானாவுக்கு உம்மாவின் குரல் கேட்டது.

"அழாத மகள். எனக்கும் இப்பிடித்தான். ரெண்டு புள்ளைக்கும் ஒரு சொட்டுச் சுரக்கல்ல. முகாம்ல குடுத்த பால்மாவுலதான் உன் ராத்தா றுமானா வளந்தவ."

றுமானா கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அப்ப நௌஷாடுக்கு எதக் குடுத்தீங்க உம்மா?"

அம்னா அழுகையை நிறுத்திச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

"ஒரு ஊடுதானே புள்ள" என்றாள் உம்மா. "நீ தாங்குவாய். இவள் தாங்குவாளா? இப்ப என்ன கெட்டுப் போச்சு? கிழமைக்குக் கிழமை வாறான்தானே. வாயத் தொறந்தா அதுவும் இல்ல."

உண்மைதான். வாயைத் திறந்தால் அவன் அந்நியன்.

வெளியே மோட்டார் சைக்கிள் நின்றது. "தங்கச்சி!"

உம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். றுமானா கொடியில் கிடந்த முக்காட்டுத் துணியை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

நௌஷாட் சிரித்தான். "என்ன இது, காக்காக்கிட்டயும் முக்காடா?"

"உம்மாக்கிட்டக் கேளுங்க."

அவன் நீட்டிய மீன் பையை அவள் வாங்கவில்லை.