பூனைக்கு இல்லை

மெல்பேர்ன் மீன் சந்தை, 1974. சிட்னியில் படிக்கும் நான் விடுமுறைக்கு இங்கே படிக்கும் நண்பன் சந்திரனிடம் வந்திருக்கிறேன். மாணவர் விடுதியில் அவித்த ஆட்டிறைச்சியும் அவித்த உருளைக்கிழங்கும் தின்று என் நாக்கு செத்துவிட்டது. இங்கேயோ மீன் தலைகளை வெட்டி வாளிக்குள் எறிகிறார்கள். பார்க்க எரிச்சல் வருகிறது.

"தலையைக் கேளடா," என்கிறேன்.

"பூனைக்கு எண்டு சொல்லு மச்சான். நான் ஒவ்வொரு கிழமையும் அப்பிடித்தான் வாங்கிறனான். நாங்கள் தின்னுறதெண்டா சிரிப்பாங்கள்."

"சிரிக்கட்டும். களவெடுக்கவா வந்தனாங்கள்?"

கடைக்காரர் கிரேக்கர், கைகளெல்லாம் செதில். "தலை வேண்டும். எனக்குத்தான், சாப்பிட," என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொல்கிறேன். வரிசையில் நிற்கும் பெண்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். சந்திரன் பக்கத்துக் கடைத் தக்காளிகளை ஆராயத் தொடங்குகிறான்.

கடைக்காரர் என்னை உற்றுப் பார்க்கிறார். பிறகு குனிந்து, மேசைக்கு அடியில் இருக்கும் ஐஸ் பெட்டியிலிருந்து என் முகத்தளவு தலை ஒன்றைத் தூக்குகிறார்.

"என் வீட்டுச் சூப்புக்கு வைத்தது. நீ கொண்டுபோ. வாளியில் கிடப்பதுதான் பூனைக்கு," என்கிறார். சந்திரனைக் கண்டுவிட்டு, "உன் பூனை சுகமா?" என்று கேட்கிறார்.

ட்ராமில் மீன் வாடைக்கு எங்களைச் சுற்றியுள்ள இருக்கைகள் காலியாகின்றன. சந்திரன் பார்சலை மடியில் அணைத்து வைத்திருக்கிறான்.

"கண் எனக்கு மச்சான்."

"முதல்ல மியாவ் எண்டு சொல்லு, தாறன்."

ட்ராம் முழுக்கக் கேட்கச் சொல்கிறான்.