நகக்கண் அளவு கீறல்

ஹெட்ஃபோன் பழுது பார்க்கும் அந்த சர்வீஸ் சென்டரில் அவளுக்கு ‘கீறல் அக்கா’ என்று பெயர் வந்ததற்கு அவள் வாயேதான் காரணம். “கீறல் வெளியிலதான், சத்தத்துக்கு ஒண்ணும் ஆகாது” என்று பதினொரு வருடமாக நாளைக்குப் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பாள். தூக்கத்திலும் அதையே உளறுவதாகக் கணவர் கேலி செய்வார். பெயின்ட் உரிந்தால் பாட்டும் உரிந்துவிடும் என்று நம்புகிறவர்களிடம் மாரடித்து மாரடித்து அவளுடைய பொறுமை தேய்ந்து போயிருந்தது.

மிச்சம் இருந்ததையும் கரைக்க வந்தவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தட்டச்சு வாத்தியார். அவருடைய ஹெட்ஃபோனின் இடது மூடியில் நகக்கண் அளவுக்கு ஒரு கீறல். மேசையிலிருந்து விழுந்ததாம். அன்றிலிருந்து இடது பக்கம் பாட்டு சப்பென்று இருக்கிறதாம்.

அவள் காதில் வைத்து இரண்டு நொடி கேட்டாள். கவுன்டரைச் சுற்றி ஒரே இரைச்சல். “ரெண்டு பக்கமும் வருது சார். கீறலுக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்ல.”

அடுத்த வாரமும் வந்தார். அதே கீறல், அதே பதில். மூன்றாம் முறை மகளையும் கூட்டிவந்தார். வாத்தியார் தண்ணீர் குடிக்க நகர்ந்த நேரம் பார்த்து அவள் மகளிடம், “தப்பா நெனச்சுக்காதீங்க, அப்பாவை ஒருதரம் காது டாக்டர்கிட்ட காட்டுங்க” என்றாள். தலைவலி தீர்ந்தது என்றுதான் நினைத்தாள்.

மூன்று வாரம் கழித்து வாத்தியார் தனியாக வந்தார். கவுன்டரில் ஒரு காகிதத்தை டப்பென்று வைத்தார்.

“ரெண்டு காதும் ஒண்ணுபோல நல்லா இருக்குன்னு டாக்டர் இப்பதான் எழுதிக் குடுத்தார், வீட்டுல இன்னும் காட்டல. உங்க புண்ணியத்துல வீட்டுல எல்லாரும் எங்கிட்ட கத்திக் கத்திப் பேசுறாங்க. சாப்பிட வாங்கன்னு சொன்னா தெருவே எழுந்து வருது!”

அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. அதை எரிச்சலால் மூடிக்கொண்டு, “சரி, திருப்பி மாட்டுங்க. இடதை வலது காதுல வைங்க” என்றாள்.

மாட்டினார். “இப்ப வலது பக்கம் சப்புனு இருக்கு.”

குறை அவர் காதில் இருந்தால் இடதிலேயே நின்றிருக்கும். ஹெட்ஃபோனோடு சேர்ந்து அது பக்கம் மாறிவிட்டது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய அரை நிமிட வேலை. பல்லைக் கடித்துக்கொண்டு இடது பக்கத்து மெத்தையைக் கழற்றினாள். உள்ளே ஒட்டு விட்டு, மயிரிழைக்கு ஒரு விரிசல். அதன் வழியாகக் காற்று கசிந்து, பாட்டின் கனமெல்லாம் போயிருந்தது.

“அப்ப கீறல்தான் காரணம்!” என்றார் வாத்தியார், ஜெயித்த குரலில்.

“கீறல் இல்ல சார்! விழுந்ததுல உள்ள ஒட்டு விட்டிருக்கு. கீறல் சும்மா மேல இருக்கு!”

“ரெண்டும் ஒரே நாள்தானே விழுந்துச்சு?”

அவள் பசை தடவி, கிடுக்கியால் இறுக்கி, காயும்வரை அவரை உட்கார வைத்தாள். பிறகு போட்டுக் கேட்டவர் முகம் மலர்ந்தது. “அந்தக் கீறலுக்கும் கொஞ்சம் பாலிஷ் போட்டா என்ன?” என்றார். அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

ஆனாலும் மனசு உறுத்தியது. அவர் அங்கே இருக்கும்போதே மகளுக்குத் தானே போன் போட்டாள். “தப்பு என்மேலதாங்க. ஹெட்ஃபோன்லதான் கோளாறு. அப்பா காது நல்லா இருக்கு.”

மறுமுனையில் மகள் மெதுவாக, “அப்ப… மூணு வாரமா நாங்க அவர் பக்கத்துல ஒக்காந்து பேசினதெல்லாம் கேட்டுச்சா?”

அவள் வாத்தியாரைப் பார்த்தாள். அவர் ஹெட்ஃபோனைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். மகள் போனில் கேட்டது அவர் காதிலும் விழுந்திருந்தது.

“கேட்டுச்சுன்னு சொல்லுங்க” என்றார். “என் ரூமை பேரனுக்குக் குடுத்துட்டு என்னை ஹால்ல படுக்க வைக்கிற யோசனையும் கேட்டுச்சு. வந்து பேசிக்கிறேன். கத்தாம பேசச் சொல்லுங்க.”